காந்தம் வைக்கச் சொன்னவள்

என் மனைவிக்குக் கல் பைத்தியம் என்று எங்கள் தெருவில் சொல்வார்கள். நான் சொன்னால் அது வேறு. தெரு சொன்னால் எனக்குப் பிடிக்காது. அவள் அருங்காட்சியகத்தில் கல் பிரிவுக்கு அதிகாரி. விண்கற்களைப் பற்றியே ஆராய்ச்சி செய்து பட்டம் வாங்கியவள். வானத்திலிருந்து விழுந்த கல்லை அறுத்து, காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்து, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்து நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் லிஃப்ட் மெக்கானிக். 'கீழே இருப்பவர்களை நான் மேலே அனுப்புகிறேன், மேலேயிருந்து வந்ததை நீ கீழே பிடிக்கிறாய்' என்று கல்யாணமான புதிதில் ஒரு ஜோக் சொல்வேன். இப்போது சொல்வதில்லை. அதை ஆரம்பித்தாலே என் மாமியார் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

கல்லை ஆராய்ச்சி செய்கிறவர்கள் உலகத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். இவளிடம் இருந்த கிறுக்கு வேறு. கல்லை ஜனங்களின் கையில் கொடுத்துவிட வேண்டும் என்பாள். சனிக்கிழமை காலையில் அருங்காட்சியகத்தின் முன்கூடத்தில் ஒரு மேஜை போடுவாள். யார் வேண்டுமானாலும் எந்தக் கல்லை வேண்டுமானாலும் கொண்டுவரலாம். அது விண்கல்லா இல்லையா என்று பார்த்துச் சொல்வாள். பெட்டியில் பூட்டியிருக்கும் விண்கற்களில் இரண்டு மூன்றை எடுத்துவந்து மேஜையில் பரப்பி வைப்பாள். கண்ணாடி கிடையாது, 'தொடாதீர்கள்' என்ற பலகை கிடையாது. "கையில எடுங்க, எடுத்தாத்தான் எடை தெரியும்" என்பாள். எடுத்தவர்கள் முகம் மாறுவதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். அதைப் பார்ப்பதற்காகவே மேஜை போடுகிறாளோ என்றுகூட எனக்குத் தோன்றும்.

வருகிறவர்களுக்கு அவள் ஒரு பாடம் வைத்திருந்தாள். கல்லின் மேல் மெல்லிய கருப்புத் தோல் இருக்கிறதா பார். உள்ளே பொத்தல் பொத்தலாக இருந்தால் விட்டுவிடு. குளியலறை டைல்ஸின் பின்பக்கம் சொரசொரப்பாக இருக்குமே, அதில் தேய்த்துப் பார். கோடு விழுந்தால் விட்டுவிடு. இவ்வளவும் தாண்டினால் காந்தத்தை வை. ஒட்டினால் என்னிடம் கொண்டு வா. இதைச் சொல்லிவிட்டு ஆளுக்கொரு காந்தம் கொடுத்து அனுப்புவாள். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். ஆனால் இரண்டு சேர்ந்தால் நடுவில் விரலை வைக்க முடியாது, அப்படிக் கடிக்கும். ஜனங்களுக்கு அந்தக் காந்தம்தான் பிடித்தது. சூரியன் பிறந்த கதையைச் சொன்னால் கொட்டாவி விடுகிறவர்கள், காந்தம் டக்கென்று கல்லில் ஒட்டியதும் நிமிர்ந்து நிற்பார்கள்.

வருஷக்கணக்கில் அந்த மேஜைக்கு ஒரு விண்கல்கூட வரவில்லை. வந்ததெல்லாம் உலையில் இரும்பு உருக்கும்போது மிஞ்சுகிற கசடு, தார்க்கட்டி, கடைசல் பட்டறைக் குப்பை. தண்ணீர் லாரி ஓட்டும் ஒருவர் இருந்தார். வாரம் தவறினாலும் அவர் தவறமாட்டார். லாரி போகிற வழியெல்லாம் இறங்கிப் பொறுக்குவார் போலிருக்கிறது.

"மேடம், இது நிச்சயம்."

"இரும்புக் கசடுங்க."

"போன வாரமும் அதான் சொன்னீங்க."

"போன வாரமும் அதான் கொண்டு வந்தீங்க."

சிரித்துக்கொண்டே போய்விடுவார். அடுத்த வாரம் வேறொன்றோடு வந்து நிற்பார். மேஜையைத் தூக்கிவைக்க நானும் சனிக்கிழமைகளில் போவதால் எனக்கும் அவர் பழக்கம். அருங்காட்சியகத்துக்குள் இருக்கும் ஒரு கண்ணாடிப் பெட்டியைக்கூட அவர் விட்டுவைத்ததில்லை. கீழே இருக்கும் எழுத்தில் விரல் வைத்து, உதடு அசைய, கடைசி எழுத்துவரை படித்துவிட்டுத்தான் அடுத்த பெட்டிக்கு நகர்வார்.

ஒரு நாள் பட்டப்பகலில் வானம் வெடித்தது. நான் ஓர் ஆஸ்பத்திரி லிஃப்டின் கூரைமேல் நின்று இரும்புக் கயிற்றைச் சோதித்துக்கொண்டிருந்தேன். கட்டடமே ஒரு குலுங்கு குலுங்கியது. என் லிஃப்ட்தான் போய்விட்டது என்று நினைத்தேன். தட்டுத்தடுமாறி வெளியே வந்தால் போன் அடிக்கிறது. அவள்தான்.

"ஏங்க, சத்தம் கேட்டுச்சா? எந்தப் பக்கத்துலேருந்து கேட்டுச்சு?"

நான் உயிரோடு இருக்கிறேனா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கிழக்கா தெற்கா என்றுதான் கேட்டாள். எனக்கு வந்த கோபத்தில் மேலேயிருந்து என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்தச் சனிக்கிழமை லாரிக்காரர் வந்தார். தனியாக வரவில்லை. அவர் மனைவி, அவர்கள் லாரி நிறுத்தும் கொட்டகையில் வேலை செய்கிறவர்கள், பக்கத்து டயர்க்கடைக்காரர் என்று ஒரு கூட்டமே வந்தது. அவர் இரண்டு கையாலும் ஒரு துண்டை ஏந்திக்கொண்டு வந்தார். கொட்டகையின் தகரக் கூரையைப் பொத்துக்கொண்டு தரையில் விழுந்ததாம். துண்டின் மடிப்பு விலகி ஒரு ஓரம் தெரிந்ததும் மேஜைக்குப் பின்னாலிருந்த என் மனைவி எழுந்துவிட்டாள். யார் வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்து பேசுகிறவள், அவள் எழுந்து நின்று நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நீங்க சொன்ன மாதிரியே எல்லாம் பண்ணேன் மேடம். தோல் இருக்கு. டைல்ஸ்ல கோடு விழல. காந்தம் ஒட்டுது. எல்லாப் பக்கமும் வெச்சு வெச்சுப் பார்த்தேன். நம்பாம இவங்களும் ஆளாளுக்கு வெச்சுப் பார்த்தாங்க."

துண்டை விரித்தார். கரியைவிடக் கருப்பாக ஒரு கல். அதன் உச்சியில் அவள் கொடுத்த காந்தம் அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

அவள் அதைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகு அவள் தன்னைச் சமாளித்துக்கொண்டு, லாரிக்காரரின் முகத்தை நேராகப் பார்த்து, "ஆமாங்க. இது வானத்துலேருந்து வந்ததுதான்" என்றாள். அந்த மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கூட்டம் கைதட்டியது. அவர் மனைவி முந்தானையால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்தபிறகுதான் எனக்கு விவரம் சொன்னாள். அந்தக் கல் உருவானபோது பூமியே கிடையாது. சூரியன் அப்போதுதான் பிறந்திருந்தது. அன்றைக்கு அதைச் சுற்றியிருந்த காந்தச் சக்தி எவ்வளவு, எந்தத் திசை என்பதெல்லாம் கல்லுக்குள் பதிந்திருக்கும். அதைப் படிக்க உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். ஆனால் பலமான காந்தத்தை ஒரு தடவை பக்கத்தில் கொண்டுபோனால் போதும், பழைய பதிவு அழிந்து புதுப் பதிவு ஏறிவிடும். திரும்ப எடுக்கவே முடியாது.

"இது உனக்கு முன்னாடியே தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் காந்தம் குடுத்தே?"

"எல்லாரும் கசடுதானே கொண்டு வராங்கன்னு இருந்துட்டேன். திசைகாட்டி ஊசி குடுத்திருக்கலாம், அது ஒண்ணும் பண்ணாது. ஆனா ஊசி லேசா திரும்பறதை யார் பார்ப்பா? காந்தம்னா ஒட்டும், ஜனங்க சிரிப்பாங்க. நிஜமா ஒண்ணு வரும்னு நானே நம்பல போல."

ஜனங்களை நம்பு நம்பு என்று எல்லோரிடமும் சண்டை போட்டவள் சொன்ன வார்த்தை அது. அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. என் மாமியார் தட்டை மூடி வைத்துவிட்டு என்னை முறைத்தார். என்னமோ நான்தான் கல்லில் காந்தம் வைத்த மாதிரி.

பெரிய ஆய்வுக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஓரத்தில் கொஞ்சம் வெட்டி எடுத்துப்போனார்கள். கரி கலந்த அபூர்வ வகை என்று தெரிந்ததும் எங்கள் இயக்குநர், அதாவது அருங்காட்சியகத்தின் தலைவர், அந்தக் கல்லைத் தலையில் வைத்துக்கொண்டு ஆடாத குறை. காந்தப் பதிவு முழுக்கப் போய்விட்டது என்று அடுத்த தகவல் வந்ததும் ஆட்டம் நின்றுவிட்டது. பத்திரிகைக்காரர்கள் கேட்டபோது, "பொதுமக்களின் அறியாமையால் நேர்ந்த இழப்பு" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். அது அச்சில் வந்தது. லாரிக் கொட்டகையில் ஒருவன், "சூரியன் வரலாத்தையே அழிச்ச மகராசன் வராருப்பா" என்று கிண்டல் செய்தானாம். அதற்கப்புறம் இரண்டு சனிக்கிழமை லாரிக்காரர் வரவில்லை.

கல்லைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பொதுமக்களுக்குத் திறந்துவிட ஏற்பாடு நடந்தது. பெட்டிக்குக் கீழே வைக்கும் விவரப் பலகையை இயக்குநரே எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேஜையில் அவள் அதை எங்களுக்குப் படித்துக் காட்டினாள். கல்லின் பெருமையெல்லாம் சொல்லி முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு வரி: 'கண்டெடுத்தவர் அறியாமையால் வலுவான காந்தங்களைப் பயன்படுத்தியதால், இக்கல்லின் தொன்மையான காந்தப் பதிவு அழிந்துவிட்டது.'

"இந்த வரி இருந்தா சனிக்கிழமை மேஜை இருக்குமாம். காந்தம் குடுத்தது நாமதான்னு வெளியே தெரிஞ்சா மேலிடத்துல மேஜையை மூடச் சொல்லிடுவாங்களாம். என்னையே யோசிச்சுக்கச் சொன்னார்" என்றாள்.

என் மாமியார் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் விஷயத்தைக் கேட்காத மாதிரி கேட்பதில் கைதேர்ந்தவர். அன்றைக்கு நேரடியாகவே கேட்டார்.

"ஒரு வரிதானேடி. பேர் கூட போடல. அந்த மனுஷன் வந்து படிக்கவா போறார்?"

"படிப்பார்மா. விரல் வெச்சு, கடைசி எழுத்து வரைக்கும் படிப்பார். அவர் பொண்டாட்டி பக்கத்துல நின்னு கேட்டுட்டு இருப்பாங்க. நாளைக்கு அவங்க பேரப்பிள்ளைங்க வந்தாலும் அந்தப் பலகை அங்கதான் இருக்கும்."

"அப்ப உன் மேஜை?"

அந்த மேஜைதான் அவள் உயிர் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு மூக்கின்மேல் கோபம் வந்தது. அந்த அருங்காட்சியகத்து லிஃப்டும் என் பராமரிப்பில்தான் இருக்கிறது.

"உன் இயக்குநர் லிஃப்டுல ஏறட்டும். ரெண்டு மாடிக்கு நடுவுல நிறுத்தி வெச்சுடறேன். சாயங்காலம் வரைக்கும் அங்கேயே யோசிச்சுக்கட்டும்" என்றேன்.

"மாப்பிள்ளை சொல்றது நல்ல யோசனைதான்" என்றார் மாமியார். என்னை அவர் மெச்சியது அபூர்வம்.

"அதெல்லாம் வேண்டாம். லிஃப்டுக்குள்ள பித்தளைத் தகட்டுல எழுத்து வெட்டி மாட்டுவீங்களே, 'அதிக எடை ஏற்றாதீர்'னு, அது எங்க வெட்டறீங்க?" என்று அவள் கேட்டாள்.

சொன்னேன்.

"எனக்கு ஒண்ணு வேணும்."

எழுத்து வெட்டுகிறவர் என் நண்பர். அவள் எழுதிக்கொடுத்ததைப் படித்துவிட்டு, "இதை மாட்டினா வேலை இருக்குமா உங்க வீட்டுல?" என்று கேட்டார். நீ வெட்டு என்றேன். திறப்பு விழாவுக்கு முந்தின மாலை, லிஃப்ட் கதவைப் பார்க்கவேண்டும் என்று சொல்லி உள்ளே போனேன். இயக்குநரின் அட்டைப் பலகையை எடுத்துவிட்டு என் தகட்டை மாட்டினேன். லிஃப்டில் ஜனங்கள் கழற்றிவிடக் கூடாது என்பதற்காக நாங்கள் ஒரு வகைத் திருகாணி போடுவோம். அதைக் கழற்றுகிற சாவி கடையில் கிடைக்காது, எங்கள் ஆட்களிடம் மட்டும்தான் இருக்கும். அந்தத் திருகாணியைத்தான் போட்டேன். நாலு மூலையிலும் போட்டு, நடுவில் தேவையில்லாமல் இன்னும் இரண்டு போட்டேன்.

மறுநாள் கூட்டம் வந்தது, பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். லாரிக்காரரை அவள் நேரில் போய் அழைத்திருந்தாள். சலவை மடிப்புக் கலையாத சட்டையோடு மனைவியுடன் முன்வரிசையில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார். இயக்குநர் பேசினார், கைதட்டினார்கள், துணியை விலக்கினார். தகட்டைப் பார்த்தார். ஒரு கணம் துணியைத் திரும்பப் போர்த்தப் பார்த்தார். அதற்குள் லாரிக்காரர் எழுந்து வந்து, பழக்கம் விடாமல், விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். சத்தமாகவே படித்தார்.

'இந்தக் கல் தண்ணீர் லாரி ஓட்டுநர் ஒருவரின் கொட்டகைக் கூரையைத் துளைத்து விழுந்தது. இது விண்கல் என்று அவரே கண்டறிந்து கொண்டுவந்து கொடுத்தார். பலமான காந்தம் பட்டதால் இதன் பழைய காந்தப் பதிவு அழிந்துவிட்டது. காந்தம் வைத்துப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது இந்த அருங்காட்சியகத்தின் கல் பிரிவு அதிகாரி. தவறு அவருடையது. உங்களுக்குக் கல் கிடைத்தால் காந்தம் வைக்காதீர்கள். சுத்தமான துணியில் சுற்றி, சனிக்கிழமை கொண்டுவாருங்கள்.'

படித்து முடித்துவிட்டு அவர் இயக்குநரிடம் திரும்பினார்.

"இது அநியாயம் சார். மேடம் மேல எதுக்கு எழுதறீங்க? காந்தம் வெச்சது நானு."

என் மனைவி முன்னால் வந்தாள். "அண்ணே, வைக்கச் சொன்னது யாரு?"

"நீங்க."

"சொன்னபடி செஞ்சீங்களா?"

"செஞ்சேன்."

"அப்ப போய் உக்காருங்க."

அவர் போய் உட்கார்ந்தார். பக்கத்தில் அவர் மனைவி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கேமராக்கள் எல்லாம் கல்லை விட்டுவிட்டுத் தகட்டைப் படம் பிடித்தன. எனக்கு அன்றைக்கு என் பெண்டாட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. இடுப்பு ஒத்துழைக்காது என்பதால் விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்ததும் இயக்குநர் அவள் பக்கத்தில் வந்து, பல்லைக் கடித்துக்கொண்டு, "இனிமே மேஜை கிடையாது" என்றார். தகட்டைக் கழற்ற ஆள் அனுப்பிப் பார்த்தார். பாவம், அவன் ஒரு நாள் முழுக்கத் திருகிவிட்டு, பெட்டியை உடைத்தால்தான் வரும் என்று சொல்லிவிட்டான். என்னைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். லிஃப்ட் சம்பந்தப்பட்ட வேலை மட்டும்தான் என் ஒப்பந்தத்தில் இருக்கிறது என்றேன்.

மேஜையைச் சாமான் அறையில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். சனிக்கிழமை வந்தது. அவள் எப்போதும்போலக் கிளம்பினாள். முன்கூடத்தில், மேஜை இருந்த அதே இடத்தில், கையில் இரண்டு விண்கல்லோடு போய் நின்றாள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு திசைகாட்டி ஊசி தொங்கியது. இயக்குநர் மாடிப்படியில் இறங்கி வந்தார்.

"என்ன இது?"

"மேஜை போடக்கூடாதுன்னீங்க சார். நிக்கக்கூடாதுன்னு சொல்லலையே."

அவர் மென்று விழுங்கிக்கொண்டு மேலே போனார். அடுத்த வாரம் முன்கூடத்திலிருந்த நாற்காலிகளையெல்லாம் எடுக்கச் சொன்னார். ஜனங்களும் நின்றார்கள். அதற்கடுத்த வாரம் பெட்டியிலிருந்து கல்லை எடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். இவள் வெறுங்கையோடு நின்றாள். வருகிறவர்களின் கசடைக் கையில் வாங்கி, அதை வைத்தே பேசினாள். வாரா வாரம் கால் வீங்கி வந்தது. வெந்நீரில் உப்புப் போட்டு அவள் காலடியில் வைத்துவிட்டு நான் திட்டுவேன். அவள் காதில் வாங்கமாட்டாள். பிடித்த பிடியை விடுகிற ரத்தம் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. என் மாமியாரிடம் கேட்டால், "எங்க வீட்டுல யாருமே உக்காந்து சாதிச்சதில்ல மாப்பிள்ளை" என்கிறார்.

எல்லோரும் அவளைப் புகழ்ந்தார்கள் என்று நினைக்கவேண்டாம். கூட்டம் குறைந்தது. ஒரு சனிக்கிழமை கண்ணாடி போட்ட ஒருவர் தகட்டைப் படித்துவிட்டு வந்து, எல்லோர் காதிலும் விழும்படி, "கெடுத்தவங்க கிட்டயே திரும்பவும் கொண்டு வரணுமாக்கும்?" என்றார். எனக்குக் கை துறுதுறுத்தது. அவள் திரும்பி அவரைப் பார்த்தாள்.

"ஆமாங்க. கெடுத்தவளுக்குத்தான் எப்படிக் கெடும்னு தெரியும். நில்லுங்க, உங்களுக்கும் சொல்றேன்" என்றாள். அவர் நின்று முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் போனார்.

மழைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு சனிக்கிழமை, சலவைக்கடை நடத்தும் ஓர் அம்மா பெரிய துணிக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வந்தார். தள்ளுங்க தள்ளுங்க என்று யாரிடமும் சொல்லவில்லை. வரிசையின் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் லாரிக்காரர் நின்றிருந்தார். அவர் கையில் வழக்கம்போல ஒரு கசடு. காவலாளி கூடையில் என்ன என்று கேட்க, "கல்லு" என்றார் அந்த அம்மா. எங்கே கிடைத்தது என்று அவன் கேட்டான். அவர் குரலைத் தாழ்த்திப் பேசத் தெரியாதவர். கூடம் முழுக்கக் கேட்டது.

"அன்னிக்கு வானம் வெடிச்சுதே, அப்ப எங்க மொட்டைமாடியில காய்ஞ்சு கிடந்த வெள்ளை விரிப்பு மேல விழுந்துச்சு. எவனோ கரிக்கட்டையை விட்டெறிஞ்சுட்டான்னு தெருவுல நின்னு ஒரு பாட்டம் திட்டினேன். ரெண்டு தடவை துவைச்சும் கறை போகல."

காவலாளி மாடிக்கு ஓடினான். இயக்குநர் இறங்கிவந்த வேகத்தைப் பார்க்கவேண்டும், அந்த மனிதர் என் லிஃப்டுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. நேராக அந்த அம்மாவிடம் போய் இரண்டு கையையும் நீட்டினார்.

"அம்மா, குடுங்க. நான்தான் இங்க இயக்குநர்."

அந்த அம்மா கூடையை இன்னொரு இடுப்புக்கு மாற்றிக்கொண்டார்.

"ஜனங்களுக்கு அறிவில்லன்னு பேப்பர்ல சொன்னது நீங்கதானா?"

இயக்குநர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

"அதைப் படிச்சிட்டுத்தான் நான் இதை அலமாரியில வெச்சுப் பூட்டினேன். குடுத்தா நாளைக்கு என்னையும் அப்படித்தானே எழுதுவீங்க. போன வாரம் எங்க கடைக்கு வந்த ஒருத்தர் பித்தளைத் தகட்டை போட்டோ எடுத்து வெச்சிருந்தார், காட்டினார். தப்பு என்னுதுன்னு வெட்டி வெச்சிருக்காங்களே, அந்தப் பொம்பளை எங்க? அவங்க கிட்டதான் குடுப்பேன்."

என் மனைவி அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். கையைத் தூக்கினாள். சலவைக்கடை அம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். வீங்கிய காலைப் பார்த்தார். சுற்றிலும் ஒரு நாற்காலிகூட இல்லாததைப் பார்த்தார்.

"மேஜை எங்க?" என்று இயக்குநரைக் கேட்டார்.

"மேஜை வந்து... உள்ள இருக்கு."

"உள்ள இருந்தா? என் சாமானை எது மேல வைக்கிறது? கொண்டு வாங்க."

இயக்குநர் காவலாளியைப் பார்த்தார். காவலாளி மழையைப் பார்த்தான். அப்புறம் என்ன, சாமான் அறையைத் திறந்து, ஒரு பக்கம் அவரும் ஒரு பக்கம் நானுமாக அந்த மேஜையைத் தூக்கிவந்தோம். இழுப்பறை இருக்கிற பக்கம் கனம் அதிகம். அந்தப் பக்கத்தை அவருக்குக் கொடுத்தேன். வழியில் இரண்டு தடவை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார், நான் அவசரப்படுத்தவில்லை. மேஜையைப் போட்டதும் யாரோ ஒரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டார்கள். என் மனைவி உட்கார்ந்தாள்.

அந்த அம்மா அப்போதும் முந்தவில்லை. லாரிக்காரர் தன் கசடைக் காட்டி, என் மனைவி வாயால் "கசடுங்க" என்று கேட்டு முடித்து ஒதுங்கிய பிறகுதான் கூடையை மேஜையில் வைத்தார். மடித்த வெள்ளைத் துணியை ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்தார். உள்ளே கைப்பிடி அளவு கருப்புக் கல். ஓரம் உடைந்த இடத்தில் விண்கல்லுக்கே உரிய சின்னச் சின்ன உருண்டைகள் தெரிந்தன. மழை படாத கல், ஈரம் படாத கல். என் மனைவி அதைத் தொடவில்லை. தொடுவதற்கு முன்னால் கேட்டாள்.

"காந்தம் வெச்சீங்களாம்மா?"

"வைக்காதேன்னுதானே வெட்டி வெச்சிருக்கீங்க. எனக்குப் படிக்கத் தெரியாதா?"

கழுத்தில் தொங்கிய திசைகாட்டியை எடுத்து அவள் கல்லுக்குப் பக்கத்தில் பிடித்தாள். ஊசி லேசாக, மிக லேசாகத் திரும்பியது. கூடம் மொத்தமும் அந்த ஊசியைப் பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் கொட்டாவி விடவில்லை. அவள் அழுதாள். அத்தனை பேர் முன்னால், கண்ணைத் துடைத்துக்கொள்ளாமல் அழுதாள். எதற்காக மறைக்கவேண்டும், நானும் அழுதேன்.

இயக்குநர் மேஜைக்குப் பக்கவாட்டில் வந்து நின்றுகொண்டு, கழுத்தை நீட்டி, "நான் ஒரு தடவை கையில எடுத்துப் பாக்கலாமா?" என்றார்.

"வரிசையில வாங்க சார்" என்றார் சலவைக்கடை அம்மா.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து, வாசல் பக்கம் கையைக் காட்டினாள்.

"வரிசை அங்க முடியுது சார்."

அவர் போய்க் கடைசியில் நின்றார். அவருக்கு முன்னால் நின்றவர்கள் எல்லோரும் கையில் ஒரு கல்லாவது கொண்டுவந்திருந்தார்கள்.